புரட்டாசி மாதத்துத் தூண்டில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் கம்மி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கை விளங்காமல் போனது. தெரிந்தவர்கள் பரிதாபப்படுவார்கள் என்று வாசலுக்குக்கூட வரமாட்டார். அவரை எப்படியாவது வெளியே கூட்டிப்போகத் தவித்தேன். புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் எங்கள் தெருவில் யாரும் மீன் தொடமாட்டார்கள்.

"ஏரிக்கரையில இப்ப ஒருத்தரும் இருக்கமாட்டாங்க, மீன் பிடிக்கலாம் வாங்க" என்றேன். வந்துவிட்டார்.

வேங்கிக்கால் ஏரி எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். கோதுமை மாவை உருட்டி முள்ளில் குத்திக் கொடுத்தேன். இடது கையால் தூண்டிலைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜிலேபி மீன் மாட்டியது.

"இழுங்க, இழுங்க!"

"கத்தாதமே, மீன் பயந்துடும்!"

"மாட்டினப்புறம் அது பயந்தா என்னங்க?"

சிரித்துக்கொண்டே இழுத்துப் போட்டார். சாப்பிடாத மாதமாயிற்றே என்று திரும்பத் தண்ணீரில் விட்டோம். அப்போது மாடு ஓட்டி வந்த எங்கள் தெருக்காரர், "இன்னாண்ணே, புரட்டாசில மீனா?" என்று கேலி செய்தார். இனி இவர் வெளியே வரவேமாட்டார் என்று நினைத்தேன். இவரோ விளங்காத கையை மறைக்கவேயில்லை.

"துன்னத்தான்பா கூடாது. நாளைக்கும் வருவேன்" என்றார்.

நாங்கள் உட்கார்ந்த பக்கம் ஆழம் கம்மி என்றுதான் நினைக்கிறேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்காக, விவரம் தெரிந்தவர்கள் யாராவது அதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.