பன்னிரண்டு மடங்கு

மிக்கேல்ராஜ் திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாம் எடுப்பார். போலீஸ் கூப்பிட்டால் அடையாளம் தெரியாத பிணங்களையும் எடுப்பார். பிலிம் காலத்தில் அவரிடம் இருந்த கேமராவில் சூம் கிடையாது. பிணத்தருகே குனிந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்குச் சோறு இறங்காது.

2004இல் டிஜிட்டல் கேமரா வாங்கினார். பன்னிரண்டு மடங்கு சூம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது.

அந்த மே மாதம் கன்னிவாடிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஓர் ஆண் பிணத்தைத் தூக்கினார்கள். நான்கு நாள் ஊறியதில் முகம் அடையாளம் தெரியவில்லை. மிக்கேல்ராஜ் முப்பது அடி தள்ளி, தென்னை மரத்தடியில் நின்றுகொண்டார்.

"ஏலே மிக்கேலு, அவன் எந்திரிச்சு வந்து காப்பி கேக்கவா போறான்? கிட்ட வா," என்றார் ஏட்டு பெருமாள்சாமி. "வலது கையில பச்சை குத்திருக்கு. அதத் தனியா எடு."

"இங்கயிருந்தே ரோமம் தெரியும் சார்."

கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. படம் இருக்கிறதே என்று ஏட்டு பச்சையின் எழுத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. யாரும் தேடி வராததால் புதைத்துவிட்டார்கள்.

செப்டம்பரில் குஜிலியம்பாறையிலிருந்து ராமுத்தாய் வந்தாள். கிணற்று வேலைக்குப் போன கணவன் மொக்கைச்சாமி மே மாதத்திலிருந்து வீடு திரும்பவில்லை. மகள் பவித்ராவின் பெயரை வலது கையில் பச்சை குத்தியிருந்தான். ஸ்டேஷனில் இருந்த படம் தெளிவில்லை, ஏட்டுக்கும் எழுத்து நினைவில்லை. ஸ்டுடியோவில் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் கை வந்தது. தோலின் மேல் பச்சைக் கட்டங்கள்.

"இன்னுஞ் செத்த கிட்ட கொண்டாங்கண்ணே."

கொண்டுவந்தார். கட்டங்கள் பெரிதாயின, எழுத்து வரவில்லை. லென்ஸ் நிஜமாக இழுப்பது மூன்று மடங்குதான், அதை நான்கு மடங்காக்கிப் பன்னிரண்டு என்று காட்டுவது எடுத்த படத்தையே கேமரா வெட்டிப் பெரிதாக்குவது என்று அன்றுதான் அவருக்கு விளங்கியது. லென்ஸ் உள்வாங்காததை எந்தக் கம்ப்யூட்டராலும் தர முடியாது.

"படங் கெடக்கட்டும். நீங்க நேர்ல பாத்தீங்கள்ல? என்ன எழுத்துண்ணே?"

"நா கிட்டப் போகலத்தா."

"ஏன்?"

"நாத்தம்."

அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். "அப்ப இந்தப் பொட்ட நா என்ன செய்ய? வைக்கவா, அழிக்கவா?"

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

அதிலிருந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, ஒரு சாண் தூரத்தில் எடுக்கிறார். பச்சை இருந்தால் வாய்விட்டு வாசித்து, ஏட்டை எழுதச் சொல்கிறார்.

இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் ராமுத்தாயைப் பார்த்தார். பொட்டு இருந்தது. அவள் கண்ணில் படாமல் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.