தூணுக்குப் பின்னால் திரும்பும் தண்ணீர்

ஒரு காய்ந்த சருகை ஆற்றில் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து அது போகிற போக்கைப் பார்க்கிறார் மூணாம் நம்பர் அக்கா. சருகு விறுவிறுவென்று போகிறது. ஒரு பாறையைத் தாண்டியதும் தயங்கி, கரைப்பக்கம் ஒதுங்கி, அங்கேயே மெல்லச் சுற்றுகிறது. “அங்கதான் இருக்காரு பெரியவரு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் வேனுக்குப் போய்த் தூண்டில் கோலை எடுக்கிறார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவது அவர் வேலை. ஓட்டுநர்களை வண்டி எண்ணால் கூப்பிடுவது அங்கே வழக்கம். இவர் மூன்றாம் எண். காலை ஒன்பதே காலுக்குக் கடைசிப் பிள்ளை இறங்கினால், மறுபடி மூன்று மணிக்குத்தான் மணி அடிக்கும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். அக்கா தண்ணீரைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

எந்தத் தண்ணீரும் அவருக்கு ஆகும். ஆனால் எல்லாத் தண்ணீரையும் ஒரே மாதிரி நடத்த மாட்டார். ஏரிக்குப் போனால் காற்று மூஞ்சியில் அறைகிற கரையில்தான் நிற்பார். “காத்து தீனியைத் தள்ளிட்டு வரும், மீனு அது பின்னாடியே வரும். முதுகுல காத்து வாங்கிட்டு சுகமா நிக்கணும்னா பூங்காவுக்குப் போங்க.” பழைய கல்குவாரிக் குட்டையில் ஆழமில்லாத விளிம்பு சட்டென்று இருட்டாகிற இடத்தைத் தேடுவார். “அதுங்களுக்கும் வாசப்படின்னு ஒண்ணு வேணும்ல?” கால்வாய் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும், அங்கே பாலத்து நிழல், கவிந்த புதர், பக்கத்து வாய்க்கால் வந்து விழுகிற முனை, இப்படி நேர்க்கோடு எங்கே கெடுகிறதோ அங்கே நிற்பார்.

ஆறு என்றால் குரலே மாறிவிடும். “நம்ம பிள்ளைங்க மாதிரிதாங்க. ஓடுற ரோட்டு நடுவுலயா நிக்குதுங்க? ஓரமா நிழல்ல நின்னுகிட்டு, வண்டி வர்ற திசையையே பார்க்கும்ல? மீனும் அப்படித்தான். ஓடுற தண்ணிக்கும் சும்மா கிடக்கிற தண்ணிக்கும் நடுவுல ஒரு கோடு தெரியும். அதுதான் அதுக்கு ஸ்டாப்பிங்.”

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவருக்கு இதில் ஒரு நிரந்தர மனத்தாங்கல். “தண்ணி மூஞ்சியைப் பார்த்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவா. என் மூஞ்சியை இருபது வருஷமா பார்க்கிறா, பசிக்குதான்னு ஒரு நாள் தெரிஞ்சதில்ல.” இதைச் சொல்லும்போதும் அவர் வாயில் மீன்தான் இருக்கும்.

இவ்வளவு தாராளமாகப் பேசுகிறவர், இடத்தை மட்டும் சொல்ல மாட்டார். “எங்க பிடிச்சீங்க?” என்று கேட்டால், “தண்ணியில,” என்பார். அதோடு சரி.

இது பொறுக்காதவர் ஏழாம் நம்பர் வண்டிக்காரர். அக்காவைவிட நாலைந்து வயது மூத்தவர். மடக்குக் கோல், பல பை வைத்த சட்டை, தொப்பி என்று சகலமும் உண்டு. மீன் மட்டும் கிடையாது. ஆறு மாதமாக அக்காவிடம் நயந்து பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். ஒன்றும் பலிக்காமல், போன மாதம் ஒரு வியாழக்கிழமை வேவு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

மேற்கே இரண்டு நாள் மழை. ஆறு பழுப்பாகி, கரையை முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பாலத்துக்குக் கீழே, கரையை ஒட்டிய தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு வருடமாக அவர் யார் கண்ணிலும் படாமல் காத்த இடம். ஏழாம் நம்பர் தண்ணீர் வரும் பக்கம் ஐம்பதடி தள்ளிப் புதருக்குள் பதுங்கி, எட்டிப் பார்க்க இன்னும் ஓரடி எடுத்து வைத்தார். கரை அவரோடு சேர்ந்து சரிந்தது.

அக்கா முதலில் பார்த்தது தொப்பியை. அதற்குப் பின்னாலேயே தலை வந்தது. மனிதர் பக்கத்துக் கரையைப் பார்த்து, ஓட்டத்துக்கு எதிராகக் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்க ஆறு அவரை நடுவே இழுத்தது.

“நீந்தாதீங்கண்ணே! தண்ணியோட சண்டை போடாதீங்க! மல்லாந்து படுங்க!”

“போயிடுவேன்மா!”

“போங்க, போங்க! தூணைத் தாண்டினதும் என் பக்கமா வர்ற மாதிரி காலை உதைங்க! தண்ணியே கொண்டாந்து விடும்!”

சொல்லிவிட்டாரே தவிர, அக்காவுக்கே நிச்சயமில்லை. சருகை நம்பியிருக்கிறார், மீனை நம்பியிருக்கிறார். எண்பது கிலோ மனிதரைத் தூணுக்குப் பின்னாலிருக்கும் சுழிப்பு திருப்புமா என்று யாருக்குத் தெரியும்? ஏழாம் நம்பர் மல்லாந்தார். தூண் கடந்தது. இரண்டு காலும் சேர்ந்து ஓர் உதை. ஒரு கணம் ஆறு அவரைக் கொண்டுபோகிற மாதிரிதான் இருந்தது. பிறகு வேகம் தளர்ந்தது. தலை மெதுவாக வட்டமடித்துக் கரைப்பக்கம் திரும்பி வந்தது. அக்கா மீன் அள்ளும் பிடிவலையின் கம்பை நீட்டினார். அவர் பற்றிக்கொண்டார்.

சேற்றில் குப்புறக் கிடந்து இருமி முடித்ததும், தலையைத் தூக்கித் தூணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“அப்போ… இங்கதான் நிக்கிறியா நீ?”

“அடப்பாவி அண்ணே!” என்றார் அக்கா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேனில் ஏறினார். சாவியைத் துவாரத்தில் நுழைக்க நாலு தடவை முயன்றார். மூன்று மணிக்கு ஏழாம் நம்பர் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஓட்டியவர் மட்டும் விளையாட்டு வாத்தியாரின் கால்சட்டையில் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “வழுக்கிட்டேன்,” என்றார்.

அதன்பிறகு பத்து நாள் அக்கா ஆற்றுப் பக்கமே போகவில்லை. மனிதர் பிழைத்தாரே என்கிற நிம்மதி ஒரு பக்கம். இடம் போயிற்றே என்கிற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. பதினோராம் நாள் தாங்கவில்லை. மழைநீர் வடிந்து ஆறு தெளிந்திருந்தது. பாலத்துக்குக் கீழே இறங்கினார். தூணுக்குப் பின்னால் ஏழாம் நம்பர் உட்கார்ந்திருந்தார், தண்ணீரிலிருந்து மரியாதையாக நாலடி தள்ளி.

“திட்டணும்னா திட்டிடும்மா,” என்றார் திரும்பாமலே. “மூணு நாளா வரேன். ஒண்ணுகூடக் கடிக்கல.”

அக்கா தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த அவருடைய தக்கையைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆழம் இரண்டு ஆள். மீன் கிடப்பது அடியில். அவர் புழுவோ முழங்கால் ஆழத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அருகே போய்க் குந்தினார். அவர் கையிலிருந்த கோலை வாங்கி, நரம்பை இழுத்து, தக்கையை மேலே, இன்னும் மேலே, புழு அடிவரை இறங்குகிற அளவுக்கு நகர்த்தி முடிச்சை இறுக்கிவிட்டு, கோலைத் திரும்பவும் அவர் கையில் கொடுத்தார்.