உயிரோடிருக்கும் ஞானேஸ்வரனின் படம்

ஜீவரத்தினம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஓவியர். பாரிசில் அகதியாக இறங்கி, ஒரு அச்சோவியப் பட்டறையில் கூட்டித் துடைத்து, செப்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரித்து அச்சடிக்க அங்கேயே பழகினார். பிறகு எல்லாரையும் போல லண்டனுக்கு ஓடிவந்தார். நகரின் கிழக்கே பார்க்கிங் என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. அதில் ஒன்றை அச்சு இயந்திரம் பிடித்துக்கொண்டது. பதினெட்டு வருடத்தில் ஒன்பது ஓவியப் புத்தகம் செய்தார். ஒவ்வொன்றும் ஏழே ஏழு பிரதி. ஐயாயிரத்துக்குக் குறையத் துண்டுப்பிரசுரம் அடித்தறியாத எனக்கு அது சுத்த விசராகப்பட்டது. ஏழு பேர் பார்த்து எந்த அரசாங்கம் விழுந்தது?

ஒன்றையும் எந்த நூலகமும் எடுக்கவில்லை. பத்தாவது புத்தகம், அப்டன் பார்க் கடைத்தெருக்காரர்களின் முகங்கள். அதைப் பார்க்க ஒரு பெரிய நூலகத்திலிருந்து ஒரு பெண்மணி வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். மனிதர் அறுபத்துமூன்று வயதில் முதன்முறையாகச் சேர்ட்டை அயன் பண்ணினார்.

திங்கட்கிழமை அவர் செய்த மடைத்தனம், புத்தகத்தைக் கொண்டுபோய் மரக்கறிக்கடை ஞானேஸ்வரனுக்குக் காட்டியது. கறுப்பு மட்டை, உள்ளே தன் முகம். எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு புத்தகம் செத்தவருடைய நினைவுமலராக, முப்பத்தோராம் நாளில், சாப்பாட்டோடுதான் கையில் கிடைக்கும்.

"என்னை உயிரோட முப்பத்தொண்டு ஆக்கிப்போட்டியே. அந்தப் பக்கத்தை வெட்டு."

சமாதானம் பேச, இரண்டு பேருக்கும் பழக்கமான என்னைக் கூப்பிட்டார்கள். இனி அந்தப் படம் அச்சாகவே ஆகாது என்று ஜீவரத்தினம் சொல்ல, அப்படியானால் தகட்டைக் காட்டச் சொன்னேன். அது என் மடைத்தனம். பிரதிகள் முடிந்ததும் தகட்டைக் குறுக்கே கீறிக் கெடுத்துவிடுவது அந்தத் தொழிலின் ஒழுங்காம். ஞானேஸ்வரன் கண்டது, தன் மூஞ்சியில் நெற்றியிலிருந்து நாடிவரை ஒரு பெரிய பெருக்கல் குறி.

ஒரு பக்கம்தானே, வெட்டிவிடச் சொன்னார் ஜீவரத்தினத்தின் மனைவி துசியந்தி. நானும் அதையே சொன்னேன்.

"ஏலாது. ஒரு பக்கம் போனா புத்தகமே போச்சு," என்ற ஜீவரத்தினம் ஞானேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார். "சாகேல்லையெண்டு காட்டவேணுமெண்டால், வியாழக்கிழமை வந்து பக்கத்தில நில்லுங்கோ அண்ணை."

வந்தார். டை கட்டிக்கொண்டு நின்றார். பெண்மணி தாள்களைப் புரட்டி, ஞானேஸ்வரனின் முகம் இருந்த தாளில் நின்றார். இது நான்தான், சாகவில்லை, கடை ஏழு நாளும் திறந்திருக்கும் என்று ஞானேஸ்வரன் ஆங்கிலத்தில் அறிவித்தார். ஏன் செத்திருக்க வேண்டும் என்று பெண்மணி கேட்க, முப்பத்தோராம் நாள் பற்றி அரைமணி நேரம் விளக்கம். ஓவியருக்கு வாய் திறக்க இடமில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொள்கிறோம், ஒரு தாளும் குறையாமல் வேண்டும் என்றார் பெண்மணி. ஜீவரத்தினம் குசினிக்குள் போய்க் கொஞ்சநேரம் வரவில்லை. தன் முகத்துக்காகத்தான் எடுத்தார்கள் என்று ஞானேஸ்வரன் இப்போது கடை கடையாய்ச் சொல்லித் திரிகிறார்.