கொடியேறிய கிழமையில் ஒரு குடு வேட்டை

ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான்: ரிக்கற் எடுக்க முதல் கோயில் கலண்டரைப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. அதனால்தான் சும்மா புதினம் பார்க்கப் போன நான் துவக்குத் தூக்க வேண்டி வந்தது. 1997 ஆகஸ்டில் நடந்த கதை. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கொம்பை மகள் படம் எடுத்து இணையத்தில் போட்டாலும் போட்டாள், "அன்ரி, எப்பிடிப் போனனீங்கள், எவ்வளவு முடிஞ்சது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் உளைகிறது. இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் கணவர் சிவம் அப்போது ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மெஷின் ஷொப்பில் வேலை. (இனி அவரை 'இவர்' என்றே எழுதுவேன், எனக்கு அதுதான் வாயில் வரும்.) பக்கத்து மெஷினில் கூஸ் என்றொரு தென்னாபிரிக்கர். அவர் இவரைச் சுடும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். "நான் இஞ்ச சமையலோட கிடந்து சாக, நீங்கள் அங்க வெடி வைச்சு விளையாடுங்கோ" என்று சொல்லி ஒருநாள் நானும் காரில் ஏறிவிட்டேன். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸும் எடுத்தேன். சில மாதங்களில் நூறு மீற்றரில் வைத்த கடதாசியில் என் சன்னங்கள் எல்லாம் ஒரு பேணி மூடிக்குள் அடங்க விழுந்தன. இவருடையது கடதாசியில் விழுந்தாலே பெரிய காரியம்.

கூஸின் தமையன் டிர்க்குக்குத் தென்னாபிரிக்காவின் வடக்கில் பெரிய பண்ணை இருந்தது. வெளிநாட்டு ஆட்களைச் சமவெளி மிருக வேட்டைக்குக் கூட்டிப்போவதுதான் அவரது தொழில். சிங்கம், யானை என்று பயந்துவிடாதீர்கள். மான் வகைகள், வரிக்குதிரை, காட்டுப்பன்றி இவைதான். இவருக்குக் குடு ஒன்று வேண்டும் என்று ஆசை. குடு என்பது எங்கள் மரையையும் விட உயரமான மான். சாம்பல் நிற உடம்பில் சுண்ணாம்பால் கீறிய மாதிரி வெள்ளைக் கோடுகள், தலையில் முறுக்கிவிட்ட இரண்டு கொம்புகள். ஒரு வருடம் ஓவர்ரைம் செய்து காசு சேர்த்தோம். விமான ரிக்கற் தலைக்கு 1,850 கனேடிய டொலர். பண்ணையில் வேட்டைக்காரருக்கு நாளுக்கு 200 அமெரிக்க டொலர், கூடவரும் பார்வையாளருக்கு 80. குடுவுக்குத் தனியாக 850. பார்வையாளர் நான்தான்.

கதை எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் மில்லிக்கன் பிளாசாவெல்லாம் பரவிவிட்டது. மரக்கறிக் கடையில் ஒரு அக்கா என்னை மறித்தார். "ஊரில வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்து வெடிச் சத்தம் கேட்கப் போறியளோ?" நான் சும்மா விடுவேனா? "ஓம் அக்கா, இந்த முறை துவக்கு எங்கட பக்கம் இருக்குது" என்று சொல்லிக் கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தேன்.

தொழிற்சாலையின் கோடை விடுமுறை இரண்டு கிழமை. பிள்ளைகள் இரண்டு பேரையும் மோர்னிங்சைட்டில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். லண்டன் வரை ஏழு மணித்தியாலம், அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்திருப்பு, பிறகு ஜோகன்னஸ்பேர்க்குக்கு பதினொரு மணித்தியாலம். டிர்க் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஆறரை அடி உயரம், அரைக் காற்சட்டை, கையில் பாண் கட்டை போன்ற விரல்கள். அங்கிருந்து பிக்கப்பில் 340 கிலோமீற்றர், கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். கடைசி 40 கிலோமீற்றர் செம்மண் ரோட்டு. வேலியோரம் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றது. நான் கத்திய கத்தில் டிர்க் பிறேக் போட்டுவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. முற்றத்தில் ஆனை வந்து நிற்கக் கண்ட சின்னப்பிள்ளை மாதிரி இருந்தேன் என்று இவர் இப்போதும் சொல்வார்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்குப் பண்ணை ரெலிபோனில் தங்கச்சியைக் கூப்பிட்டோம். ரொறொன்ரோவில் மத்தியானம் ஒரு மணி. பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். "கோழிக்கு அழுதுகொண்டு நிக்கினம் அக்கா. இண்டைக்கு நல்லூர்க் கொடியெல்லோ ஏறினது, நான் மரக்கறிதான் சமைச்சனான்" என்றாள். பக்கத்தில் நின்ற இவருக்குக் கேட்டுவிட்டது. முகம் அப்படியே விழுந்து போயிற்று.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகன் கோயில் திருவிழா இருபத்தைந்து நாள். கொடியேறினால் எங்கள் ஆட்களில் கனபேர் திருவிழா முடியும்வரை மச்சமாமிசம் தொடமாட்டார்கள். இவர் வீட்டில் அந்த நாட்களுக்குச் சட்டிபானையே வேறு. கனடாவுக்கு வந்தும் இவர் அதை ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடம் வேட்டைக்குப் போகிற புளுகத்தில் அடியோடு மறந்துவிட்டார்.

"அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"சாப்பிடவே கூடாத நாளில நான் போய் உயிர் எடுக்கிறதோ? என்னால ஏலாது."

"உதை ரொறொன்ரோவில வைச்சுச் சொல்லியிருக்கலாமே! இவ்வளவு தூரம் மரம் பார்க்கவோ வந்தனாங்கள்?"

கட்டிலில் போய் இருந்தார். "எனக்குப் பதிலா நீர் சுடும்."

"எனக்கு மட்டும் முருகன் இல்லையோ?"

"உம்மட வீட்டில உதெல்லாம் பெரிசாப் பிடிக்கிறேல்லைத்தானே."

வேறு நேரமென்றால் என் பிறந்த வீட்டைப் பற்றி இப்படிச் சொன்னதற்கு ஒரு கிழமை கதைத்திருக்கமாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல என்ன வெட்கம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக நான் அந்தப் பார்வையாளர் என்ற சொல்லை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

காலையில் டிர்க்கிடம் விசயத்தைச் சொன்னோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இலக்குப் பலகையில் என்னைச் சுடச் சொல்லிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "ஒரே ஒரு விதி" என்றார். "ஒரு துளி இரத்தம் சிந்தினால் அது உன்னுடைய மிருகம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ காசு கட்ட வேண்டும். அது பெரிதல்ல. காயப்பட்டதை விட்டுவிட்டு வீட்டுக்கு வர இந்தப் பண்ணையில் யாருக்கும் அனுமதி இல்லை." நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

முதல் நாள் முழுக்க நடை. பார்த்தவற்றைச் சொன்னால் எரிச்சல் படுவீர்கள்: வரிக்குதிரைக் கூட்டம், வாலை அன்ரெனா மாதிரி நிமிர்த்திக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றிகள், நூறு இம்பாலா மான்கள். குடு மட்டும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க டிர்க் ஒரு சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்திருந்து, அடிக்கடி தட்டிப் பறக்கவிடுவார். முதல் தரம் அதை எடுத்தபோது இவர் பயபக்தியோடு கையை நீட்டி, விரலில் தொட்டு நெற்றியில் பூசிவிட்டார். டிர்க் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணி. முன்னால் போன வேலையாள் சாமுவேல் சட்டென்று குந்தினார். முள்மரங்களுக்கு நடுவே ஒரு கொம்பு அசைந்தது. பிறகு முழு உடம்பும் வெளியே வந்தது. அம்மாடி! அப்படியொரு அழகை நான் அதுவரை கண்டதில்லை. 140 மீற்றர் என்று டிர்க் காதுக்குள் சொல்லி, மூன்று கால் தடியை நட்டார். துவக்கை அதில் வைத்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் துவக்கு ஆடியது. மூச்சை விட்டேன், அழுத்தினேன். நான் அழுத்தின அதே நேரம் அது ஒரு அடி முன்னால் வைத்தது.

'தொப்' என்று சன்னம் பட்ட சத்தம் கேட்டது. குடு கூனிக்கொண்டு பாய்ந்து மறைந்தது. நான் துள்ளப் போனேன். டிர்க் துள்ளவில்லை. "பின்னுக்குப் பட்டுவிட்டது" என்றார். "வயிறு."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் மெதுவாக விளங்கப்படுத்தினார். உடனே சாகாது. கன தூரம் போகும். சூரியன் ஐந்தே முக்காலுக்கு விழுந்தால் முள்ளுக் காட்டில் தேட முடியாது. விடியும்வரை நோவோடு கிடக்கும், இல்லாவிட்டால் இரவு கழுதைப்புலிகள் உயிரோடு கடிக்கத் தொடங்கும். அரை மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னார், உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடுமாம். அந்த அரை மணித்தியாலம் போல் ஒன்றை நான் பிள்ளைப்பேற்று வார்ட்டிலும் அனுபவித்ததில்லை.

பிறகு நடந்தோம். புல்லில் ஒரு சொட்டு, கல்லில் ஒரு சொட்டு. சுடமாட்டேன் என்ற மனிசன் இப்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் குனிந்துகொண்டு போனார். "இஞ்ச ஒண்டு... இஞ்ச இன்னொண்டு" என்று காட்டிக்காட்டிப் போனார். முள் கிழித்து அவர் கையிலும் இரத்தம். ஒரு காய்ந்த ஆற்றுப் படுக்கையில் சொட்டு நின்றுவிட்டது. சாமுவேல் ஒரு பக்கம், டிர்க் ஒரு பக்கம் சுற்றினார்கள். ஒன்றுமில்லை. சூரியன் மரத்து நுனிக்கு வந்துவிட்டது. டிர்க் ரேடியோவில் தன் மனைவியைக் கூப்பிட்டு நாயைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் மணலில் இருந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன்: "முருகா, உன்ர கொடி ஏறியிருக்கிற நாளில செய்துபோட்டன். இருட்ட முதல் அதைக் காட்டித் தா. இனிச் சாகுமட்டும் நான் மச்சம் தொடன்."

இவர் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா சொல்லுறீர்?"

"சொல்லிப்போட்டன்."

டிர்க்கின் மனைவி கொண்டுவந்து இறக்கிய நாயைப் பார்த்ததும் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. வேட்டை நாய் என்று நினைத்தால், கைப்பைக்குள் வைக்கலாம் போல ஒரு வெள்ளைக் குட்டை நாய். அது கடைசிச் சொட்டை மோந்து பார்த்தது, அம்பு மாதிரிப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் தூரத்தில் குரைக்கும் சத்தம் கேட்டது. ஓடினோம். நான் பஸ் பிடிக்கக்கூட ஒழுங்காக ஓடாதவள், அன்று டிர்க்குக்குச் சமமாக ஓடினேன்.

ஒரு பெரிய மரத்துக்குக் கீழே அது நின்றது. படுத்திருக்கவில்லை, நின்றது. காலுக்குள் குரைக்கும் நாயைக் கணக்கெடுக்கவேயில்லை. தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் முடிக்கட்டுமா?" என்று டிர்க் கேட்டார். "இல்லை, என்னுடையது" என்றேன். இந்த முறை துவக்கு ஆடவில்லை. அது நின்ற இடத்திலேயே விழுந்தது. வானத்தில் சூரியன் பாதி இருந்தது.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டிர்க் என்னைத் தூக்கிச் சுற்றினார், சாமுவேல் கைதட்டினார். முதல் வேட்டைக்காரருக்கு மிருகத்தின் இரத்தத்தை நெற்றியில் பூசுவது அங்கே வழக்கம். டிர்க்கின் பெருவிரல் என் ஒட்டுப்பொட்டுக்கு மேலே ஒரு கோடு இழுத்தது. "வந்து முழுகிப்போட்டு என்ர பையைத் தொடும், அதுக்குள்ள திருநீறு இருக்கு" என்றார் இவர். சொல்லிக்கொண்டே கொம்பை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் காதுக்குள், "அவசரப்பட்டிட்டீர். நூறு தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கலாமே" என்றார். உண்மைதான். அந்த நேரம் தேங்காய் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றிரவு நெருப்பில் ஈரலை வெங்காயத்தோடு பொரித்தார்கள். பாழாய்ப்போன வாசம்! நாங்கள் இருவரும் சோளமாக் களியும் போஞ்சியும் சாப்பிட்டோம். "இத்தனை வருடத்தில் இப்படி வேட்டைக்காரரைக் கண்டதில்லை" என்று டிர்க் தலையைச் சொறிந்தார். இறைச்சி வீண்போகவில்லை, பண்ணைக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. குடு எப்படி ருசிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், புல் காய்ந்து மிருகம் தெரியும். அங்கே அப்போது குளிர்காலம், விடியற்காலையில் பல் கிடுகிடுக்கும், எங்கள் ஒக்ரோபர் ஜக்கற்றைக் கொண்டுபோங்கள். துவக்கைக் காவிக்கொண்டு போகாதீர்கள், கடதாசி அலுவல் தலையிடி. பண்ணையில் நாளுக்கு 25 டொலருக்கு வாடகைக்குத் தந்தார்கள். கொம்பு பதப்படுத்தி வீட்டுக்கு வரப் பத்து மாதம் எடுத்தது, 600 டொலர் வேறு. விலையெல்லாம் அந்தக் காலத்து விலை, இப்போது விசாரியுங்கள். முக்கியமாக, மிருகம் கால் எடுத்து வைக்கும்போது சுடாதீர்கள். அது நிற்கும்வரை பொறுங்கள். நிற்காவிட்டால் போகட்டும், விட்டுவிடுங்கள். காயப்பட்டதைத் தேடக்கூடிய நாய் பண்ணையில் இருக்கிறதா என்று காசு கட்ட முதல் கேளுங்கள்.

ரொறொன்ரோவுக்கு வந்து, திருவிழா முடிந்த மறுநாளே இவர் ஆட்டிறைச்சிக் கறியோடு ஒரு றாத்தல் பாணை முடித்தார். அந்தக் கறியைச் சமைத்தது நான்தான். உப்புப் பார்த்தது மகள். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் மிருகம் சுட்ட ஒரே ஆள் நான், இறைச்சி தின்னாத ஒரே ஆளும் நான். ஒரு கலியாண வரவேற்பில் என் மரக்கறித் தட்டைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, "பாவம், ஒரு உயிருக்கும் தீங்கு நினையாத மனிசி" என்றார். பக்கத்தில் இருந்த இவருக்கு மட்டன் ரோல்ஸ் புரைக்கேறிவிட்டது. தண்ணி குடித்தபிறகும் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

போன கிழமை இவர் வழக்கம்போல் தட்டை என் பக்கம் தள்ளினார். "எவ்வளவு காலமாச்சு, முருகன் மறந்திருப்பார். ஒரு துண்டு சாப்பிடும்."

"அவர் மறந்திருப்பார்" என்றேன். "அது நிண்டு எங்களைப் பார்த்ததை நான் மறக்கேல்லை."