டெல்லி ஜட்ஜ் யாரோடு ராஜியானார்?

"சார், டெல்லியில பெரிய ஜட்ஜு ராஜியாயிட்டாராமே... யாரு கூட?"

போன திங்கட்கிழமை, டைப்ரைட்டரில் கார்பன் தாளைச் செருகிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் முனியப்பா. மத்திகிரிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாக நிலம் வைத்திருக்கிற விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ்.

ஓசூரில் கோர்ட்டுக்கு எதிரே நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துவது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். காலையில் லோயர், ஹையர் பரீட்சைக்காரர்கள். பத்து மணிக்கு மேல் வக்கீல்களின் காகிதங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜிநாமா செய்துவிட்டதை ரேடியோ சொன்னது. ஆனால் எங்கள் கோர்ட் வாசலில் ராஜிநாமா என்றால் வேறு சங்கதி. வழக்காடுகிற இரண்டு பேர் சமாதானமாகப் போய் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. சுருக்கமாக, ராஜி. தமிழ், தெலுங்கு, கன்னடம் — எதில் சொன்னாலும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

"ராஜி இல்லீங்க முனியப்பா. வேலையை விட்டுட்டார். அதுக்கும் ராஜிநாமான்னுதான் பேரு."

அவர் சிரிக்கவில்லை.

"வேலய வுட்டுட்டாரா? எதுக்குங்க?"

"ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறார். எதிர்க்கட்சிக்காரங்க சேர்ந்து நிறுத்தறாங்க."

"நிக்கறதுன்னு எப்ப முடிவு பண்ணாருங்க? சேர்ல ஒக்காந்திருக்கும்போதேவா, எறங்குன அப்பறமா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

இதற்கு உங்களுக்குப் பதில் தெரியுமா? எனக்குத் தெரியாது. பெங்களூர் பேப்பர் காலையிலேயே வந்துவிடுகிறது, மெட்ராஸ் பேப்பர் தாமதமாக வருகிறது. இரண்டையும் வரி விடாமல் படித்துவிட்டேன். அந்தப் பெரியவரைக் குறை சொல்லவும் எனக்கு ஒன்றுமில்லை. சர்க்காருக்குப் பிடிக்காத தீர்ப்பையும் தயங்காமல் எழுதியவர் என்று எங்கள் ஊர் வக்கீல்களே மரியாதையோடு பேசுகிறார்கள். ஆனாலும்... அடுத்த நாற்காலியைப் பற்றிய நினைப்பு ஒரு நீதிபதிக்கு எந்தத் தேதியில் வந்தது என்று யார் குறித்து வைப்பது? அந்தத் தேதிக்கு முன்னால் எழுதிய தீர்ப்பு எது, பின்னால் எழுதியது எது?

முனியப்பா விடுவதாக இல்லை.

"அவருக்கு வேல குடுத்தது யாருங்க?"

"கவர்மெண்டு."

"கவர்மெண்டு மேலயே கேஸு போட்டா?"

"அவர்தான் விசாரிப்பார்."

"அடுத்த ஜட்ஜு?"

"அதையும் கவர்மெண்டுதான் போடணும். ஆனா வரிசை இருக்குங்க. சீனியர் யாரோ அவர் வருவார்."

"வரிசைய மாத்த முடியாதுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "முடியாதுன்னு சட்டத்துல இல்ல. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்."

"அப்ப முடியும்னு சொல்லுங்க."

நான் சட்டம் படித்தவனல்ல. படித்தவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை டைப் அடிக்கிறவன், அவ்வளவுதான். முனியப்பா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். சீனியாரிட்டி, மரபு, கண்ணியம் என்று பேப்பர்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்த மனிதர் நாலு கேள்வியில் உரித்துப் போட்டுவிட்டாரே!

"உங்களுக்கு எதுக்குங்க டெல்லிக் கவலை?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய வக்கீல் கைப்பட எழுதியது. இங்கிலீஷ். ராஜி மனு! மத்தியானத்துக்குள் டைப் ஆக வேண்டும், சாயங்காலம் முனியப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

வழக்கு எனக்குத் தெரிந்ததுதான். பெங்களூர் ரோட்டை ஒட்டித் தொழிற்சாலைகள் வரப் போகின்றன என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து ரோட்டோர நிலத்துக்கெல்லாம் திடீர் பங்காளிகள் முளைக்கிறார்கள். முனியப்பாவின் நிலத்துக்கு முளைத்தவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. நாலு வருஷமாக விடாமல் எதிர்த்து நின்றவர் முனியப்பா. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் முதலாளி அவர் தோளில் கை போட்டுச் சொன்னாராம் — "டெல்லியில ஜட்ஜே ராஜியாயிட்டாரு. நீ எந்த மூலைக்கு, முனியப்பா?"

மனிதர் அதிலேயே மனம் தளர்ந்துவிட்டார். நேராக வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டார். ராஜிநாமாவுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்று அந்த முதலாளிக்கா தெரியாது? தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

வக்கீலாவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? அங்கேதான் எனக்கு இடித்தது. மெட்ராஸில் ஆட்சி மாறிவிட்டது. பழைய அரசாங்க வக்கீல்கள் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். நம் வக்கீலுக்கு அந்தப் பதவி மேல் கண் என்று பஜாரே பேசுகிறது. புதிய ஆட்சியில் ரைஸ் மில் முதலாளிக்கு ஆள் பழக்கம் உண்டு, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் பஜார் பேசுகிறது. பஜாருக்குத் தெரிந்ததற்கு மேல் எனக்கு ஒன்று தெரியும். ஆனால் ஒருவருக்கு டைப் அடித்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது இன்ஸ்டிடியூட் திறந்த நாளிலிருந்து என் விதி. உங்களிடமும் சொல்லமாட்டேன்.

முனியப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வக்கீலு... நம்ம பக்கந்தானுங்களே சார்?"

நான் டைப்ரைட்டர் எழுத்துகளைப் பார்த்தேன். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் விதி போச்சு. அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால் என்ன என்று இன்றுவரை மனசு குடைகிறது.

அப்புறம் ஒன்று தோன்றியது. அவருடைய காகிதத்தை அவருக்கே வாசித்துக் காட்டினால் எந்த விதி உடையும்?

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுங்களா?"

"ரோட்டோரம் பாதி மொதலாளிக்கு, மீதி எனக்குன்னு வக்கீலு சொன்னாரு."

"உட்காருங்க" என்றேன். இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனேன். என் தெலுங்கு ஓட்டைத் தெலுங்கு, பஸ்ஸில் கற்றது. ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ரோட்டோரம் பாதியில்லை, முழுசும் முதலாளிக்கு. முனியப்பாவுக்குப் பின்பக்கத்துப் பாறைக்காடு. ஐந்தாவது வரியில் 'பாவி' என்று வாசித்தேன். தெலுங்கில் பாவி என்றால் கிணறு, வேறு ஏதும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

முனியப்பா எழுந்துவிட்டார்.

"கெணறுமா?"

"கிணறும். மோட்டார் கொட்டகையும்."

"அது நானு எங்கையால வெட்டுனதுங்க சார்! எம்பொண்டாட்டி மண்ணு சுமந்தா!" டைப் அடித்துக்கொண்டிருந்த பரீட்சைக்காரர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அடிக்காதீங்க" என்றார். "கையெழுத்துப் போடமாட்டேன். கிருஷ்ணகிரியில வேற வக்கீலப் பாக்கறேன்." பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நிலம் தப்பியது என்று சொல்லமாட்டேன். வழக்கு தப்பியது. வாய்தா நாள் வரும்போது அரசாங்க வக்கீல் பதவியில் யார் உட்கார்ந்திருப்பார், அவரைப் போட்டது யார், மேலே மெட்ராஸில், அதற்கும் மேலே டெல்லியில் யாரை யார் போடுவார்கள்... யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை.

விஷயம் காதுக்கு எட்டி, சாயங்காலம் வக்கீல் வந்தார். உட்காரவில்லை. அவருடைய டைப் வேலை இனி எனக்கு வராது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"என் கட்சிக்காரனுக்கு எது நியாயம்னு நீ முடிவு பண்றியா? உன்னை யாருய்யா ஜட்ஜா போட்டது?"

"யாரும் போடலை சார். அதனாலதான் படிச்சுக் காட்ட முடிஞ்சுது."