ஷோஸ்த்ரோ

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் நேசபாய் செவிலியர். நாற்பதைத் தாண்டியவள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மாலை வகுப்பில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில், சிதறால் மலைப்பாதையில் வழுக்கி விழுந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவை ஆட்டோக்காரர் ஜெயசிங் கொண்டுவந்து சேர்த்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. கைப்பேசி பாறையில் விழுந்து நொறுங்கிவிட்டது. எந்த நாட்டவர் என்றே தெரியவில்லை; ஆங்கிலமும் எடுபடவில்லை. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்த சற்று நேரத்தில், "ஷோஸ்த்ரோ! ஷோஸ்த்ரோ!" என்று கூப்பிடத் தொடங்கினார்.

ஜெர்மன் வகுப்பில் உறவுமுறைப் பாடத்தில் படித்தது நேசபாய்க்கு ஞாபகம் வந்தது. ஜெர்மனில் உடன்பிறந்தவளுக்கு ஷ்வெஸ்டர். "ஏட்டி ரெனிஷா, இவியளுக்க தங்கச்சி மலையில தனியா நிக்கா போல இருக்கு!" என்றாள் இளைய செவிலியிடம். ஜெயசிங் கொட்டும் மழையில் திரும்பவும் சிதறாலுக்கு ஓடினார்.

அங்கிருந்து அவர் போன் செய்தார். "சிஸ்டர், மலை பூரா பாத்தாச்சு. இவிய ஒத்தைக்குத்தான் ஏறினாவன்னு காவலாளி சொல்லுகாரு. நான் திரும்பட்டா சிஸ்டர்?"

'சிஸ்டர்' என்ற அந்தச் சொல் நேசபாயின் காதில் தங்கியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்த அம்மா இவ்வளவு நேரமும் கூப்பிட்டது அவளைத்தான்.

ஓடிப்போய்க் கையைப் பார்த்தாள். கட்டுக்குள் கை வீங்கி, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. டாக்டர் வந்து கட்டைப் பிளந்து தளர்த்தினார். அந்த அம்மா நீளமாக மூச்சு விட்டு, கண்ணை மூடினார்.

அந்த அம்மாவின் பையிலிருந்த அறைச் சாவியை வைத்து விடுதியைக் கண்டுபிடித்ததில், சாயங்காலம் அங்கிருந்து பாஸ்போர்ட் வந்தது. பெயர் தனுதா, போலந்துக்காரர். அதன்பிறகு ரெனிஷாவின் போனில் பேச்சை மொழிபெயர்த்துப் பேசிக்கொண்டார்கள். முன்பு தங்கள் நாட்டில் கன்னியாஸ்திரிகள்தான் நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்கள் போய்விட்டாலும், செவிலியரை 'ஷோஸ்த்ரோ', அதாவது 'சகோதரி' என்று கூப்பிடும் பெயர் நின்றுவிட்டது என்றார் தனுதா. ஜெர்மன் கிழவர்கள் இன்றும் செவிலியரை ஷ்வெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், ரஷ்யர்கள் சொல்வது செஸ்த்ரா, எல்லாம் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்று வகுப்பு ஆசிரியர் மறுநாள் சொன்னார்.

ஊருக்குப் புறப்படும் காலையில், ஒரு கையால் தலைவாரத் திணறிய தனுதாவுக்கு நேசபாய் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். தனுதா போனைப் பார்த்து, "ஷோஸ்த்ரோ" என்று தொடங்கி ஏதோ சொன்னார். அது தமிழில் வாசித்தது: "என் அக்கா என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள்."

போனுக்கும் அதே குழப்பம்; நேசபாயால் சிரிப்பை அடக்க முடியவில்லை.