விலாசம்: மேற்படி

12 ஆகஸ்ட் 2024, திங்கள்.

தப்பு என்னுடையதுதான். சின்னத் தப்பு. ஒரே ஒரு வார்த்தை.

கீழே இருப்பது அத்தனையும் இன்று நடந்தது. நான் படிக்கும் மனநல ஆலோசனை மாலை வகுப்பில், பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படித்தான் எழுதுகிறேன். சரியாகப் பார்த்தேனா என்றுதான் சந்தேகம்.

என் அக்கா வேல்விழி. செராமிக் பட்டறையில் அச்சில் வெள்ளை மண்குழம்பு ஊற்றியவள். ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. காதுக்குள் ஒரு பெண் பேசுகிறாளாம். பேர் வாசுகியாம். "கூட வா" என்கிறாளாம். ஜூனில் ஒருநாள் மணிமுத்தாற்றுப் பாலம் வரை போய்விட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். சாமிக்குப் புகார் எழுதிப் பிராது கட்டலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். சிரித்தார்.

"தாராளமா கட்டுங்க. உங்கக்காவுக்குத் தெம்பு வரும். ராத்திரி மாத்திரைய மட்டும் ஒரு வேளகூட விடக் கூடாது."

வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதினேன். முதலில் என் பேர், விலாசம். பிறகு யார்மேல் புகாரோ அவர் பேர், விலாசம். வாசுகி என்று எழுதினேன். குரலுக்கு ஏது விலாசம்? காலியாக விட மனசு வரவில்லை. 'மேற்படி' என்று போட்டேன். அங்கேயே முனியப்பர் சன்னதி முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

பிராது கட்டி இன்றோடு மூன்று நாள். வகுப்பு இல்லை. மாலை 6.38க்கு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் அக்காவின் செருப்பு. பக்கத்தில் இன்னொரு ஜோடி. வெள்ளை மண் அப்பியிருந்தது. ஈரம் காயவில்லை.

தரையில் வெள்ளைக் காலடிகள்... உள்ளே போனவை மட்டும்.

அடுப்படியில் அக்கா. இரண்டு டம்ளர் டீ. ஒன்று காலி.

"யாருக்கா வந்தாங்க?"

"நீதானடி விலாசம் குடுத்து வரச் சொன்ன."

மாத்திரை அட்டையைப் பார்த்தேன். கடைசியாக இருந்த ஒன்றும் இல்லை.

"அவளுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவளும் தூங்கி ரொம்ப நாளாச்சாம்."

6.51. உள் அறையில் சத்தம். விரிசல் இருக்கிறதா என்று பீங்கானைச் சுண்டிப் பார்க்கும் சத்தம்.

டங்...

டங்...

கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை.

பாயில் இரண்டு தலையணை.

இரண்டிலும் பள்ளம்.

7.20. வீட்டுச் சொந்தக்காரர் வீரம்மாள் எங்கள் மாவட்டத்து மங்களூரில் இருக்கிறார். போன் போட்டேன்.

"இந்த வூட்டுல வாசுகின்னு யாராவது இருந்தாங்களாம்மா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"இருந்துது. பட்டறையில மண்ணு ஊத்துன பொண்ணு. பன்னண்டு வருஷமாச்சு. காதுல யாரோ பேசறாங்கன்னு கத்தும். மந்திரிச்சாங்களே ஒழிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவல. ஒருநா பாலத்துலேர்ந்து வுழுந்துட்டுது."

"யாரு பேசறதா சொன்னாங்க?"

"அத எப்படிம்மா சொல்றது... நீங்க குடி வந்தன்னிக்கே பேரக் கேட்டதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. அது சொன்ன பேரு வேல்விழி."

மணி 9.05. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கையால் அவளைப் பிடித்திருக்கிறேன். இன்றிரவுக்கு மாத்திரை இல்லை.

நாளை 6.10 டவுன் பஸ்ஸில் கோயிலுக்குப் போய் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அக்காவையும் கூட்டிப் போக வேண்டும். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி, மாத்திரை.